ஒத்திகைக்கு நனைகிறவர்

யாதகிரி இருபத்தாறு வருஷமாகத் தண்ணீரில் முழுகி எழுந்துகொண்டிருக்கிறார். வருஷத்துக்குப் பதினைந்து மாணவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் நானூறு தடவையை நெருங்கிவிட்டது. இடது காது பாதிதான் கேட்கும். மழைக்காலத்தில் முட்டி பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் அவர் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர். வெளியாள் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். செமினரிக்குள் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே அது ஒரு தீர்மானம், மினிட் புத்தகத்தில் கையெழுத்துகளோடு இருக்கிறது.

செமினரி, ஐதராபாத்திலிருந்து விஜயவாடா போகிற சாலையில் சவுட்டுப்பல் தாண்டி இருக்கிறது. லுத்தரன், மெதடிஸ்ட், தென்னிந்தியத் திருச்சபை, பாப்டிஸ்ட், மென்னோனைட் என்று ஐந்து சபைகள் சேர்ந்து நடத்துகின்றன. தெலுங்குச் சபைகளுக்குப் போதகர்களைத் தயார்செய்து அனுப்புவது வேலை. ஐந்து சபையும் ஒரே மெஸ்ஸில் ஒரே பருப்புப் பப்பைச் சாப்பிடும், ஒரே பாட்டைப் பாடும். தண்ணீர் என்று வந்தால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். கைக்குழந்தையின் நெற்றியில் மூன்று சொட்டு விட்டால் போதும் என்பது மூன்று சபைகளின் கட்சி. வளர்ந்தவன் தானாக வந்து கேட்டு, தலை வரைக்கும் முழுகி எழ வேண்டும் என்பது மற்ற இரண்டின் கட்சி. எப்படி எடுத்தாலும் ஆயுளுக்கு ஒரு தடவைதான், இரண்டாம் தடவை கூடவே கூடாது என்பதில் மட்டும் ஐந்துக்கும் ஒரே பிடிவாதம்.

யாதகிரி அங்கே வந்தது தொட்டி கட்ட. சேப்பலுக்கு மேற்கே, இரண்டு பக்கமும் படி வைத்த ஞானஸ்நானத் தொட்டி. மாமனின் கல்வேலைக் கூட்டத்தோடு வந்த இருபத்தாறு வயசுக்காரர் அவர். தொட்டி முதல் நாளே ஒழுகியது. அடைக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவரை நிறுத்திக்கொண்டார்கள். அடைத்தார், இன்னொரு பக்கம் ஒழுகியது. ஒழுகாமல் கட்டியிருந்தால் அன்றைக்கே ஊருக்குப் போயிருப்பார் என்று அவர் மனைவி எலிசம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அப்படியே சேப்பல் மணியடிப்பது, பாய் விரிப்பது, மெழுகுவர்த்தி மாற்றுவது எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தது.

எந்தச் சபைப் பையனாக இருந்தாலும் எல்லாச் சபைகளின் முறையையும் செய்துகாட்டித் தேற வேண்டும் என்பது அங்கே பாடத்திட்டம். தொட்டி கட்டி முடித்த வருஷம், முழுக்குகிற பயிற்சிக்கு லுத்தரன் பையன் ஒருவனைத் தண்ணீரில் இறக்கினார்கள். எவனோ படம் எடுத்தான். படம் குண்டூர்ப் பக்கம் அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பிள்ளை இரண்டாம் தடவை ஞானஸ்நானம் எடுத்துவிட்டான், செமினரி அவனைக் கெடுத்துவிட்டது என்று ஊரே கையெழுத்துப் போட்டு பிஷப்புக்கு மனு அனுப்பியது. ஆசிரியர்கள் மூன்று நாள் உட்கார்ந்து பேசி, ஞானஸ்நானம் பெற்ற எவரையும் பயிற்சிக்காகத் தண்ணீரில் முழுக்கலாகாது என்று தீர்மானம் போட்டார்கள். போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், வளாகத்தில் நூற்று நாற்பது பேர், அத்தனை பேரும் பெற்றவர்கள்.

போதகப் பயிற்சிப் பாடம் எடுக்கிற டாக்டர் பூஷணம் அப்போது இளைஞர். வாளியோடு நின்றிருந்த யாதகிரியின் மேல் அவர் கண் விழுந்தது.

"யாதகிரி, நீ இன்னும் எடுக்கலையே?"

"இல்லைங்கய்யா."

"தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றார் பூஷணம்.

ஒரு மனிதன் ஞானஸ்நானம் பெறவில்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன போதகர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். யாதகிரிக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. வெயில் காலம், தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது, இறங்கினார்.

விளையாட்டு வினையாகிவிடக் கூடாதே என்று பூஷணம் ஒரு ஏற்பாடும் செய்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமத்தை மாணவர்கள் வகுப்பில் சொல்லக் கூடாது, சொன்னால் அது நிஜ ஞானஸ்நானம் ஆகிவிடும். அந்த இடம் வந்ததும் "இத்தியாதி நாமத்தினாலே" என்று சொல்லி முழுக்கிவிட வேண்டும். நானூறு தடவை, இத்தியாதி நாமத்தினாலேதான் யாதகிரி முழுகினார்.

தண்ணீரோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அடக்க ஆராதனைப் பயிற்சிக்குப் பிணமாகப் படுக்கவும் அவர்தான், பையன்கள் அபசகுனம் என்று பயந்தார்கள். நோயாளியைச் சந்திக்கிற பயிற்சிக்கு அவரைக் கட்டிலில் போட்டு, இல்லாத கிட்னிக் கல்லுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஒரு மதியம் பிணமாகப் படுத்தபடியே குறட்டை விட்டுவிட்டார். உயிர்த்தெழுதலைப் பற்றி மனப்பாடம் செய்துவந்த பையன் பாதியில் சிரித்துவிட்டான். பூஷணம் திட்டியது பையனை அல்ல, பிணத்தை.

எலிசம்மா மெஸ்ஸில் சமைக்க வந்தவள், பிறந்த எட்டாம் நாளே நெற்றியில் தண்ணீர் பட்டவள். அவளைக் கட்டிக்கொண்டபோது யாதகிரியின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நான் கண்ண மூடுற வரைக்கும் நீ சாமிய மாத்தாத. அப்புறம் உன் இஷ்டம்." அவர் சரி என்றார், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஆனால் மனசு யார் சொல்லையும் கேட்டு நிற்பதில்லை. வருஷம் பூராவும் பிரசங்கப் பயிற்சிக்குக் காலி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற சபையும் அவர் ஒருவர்தானே. நல்ல பிரசங்கம், உளறல் பிரசங்கம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, எந்த நாளில் என்று சொல்லத் தெரியாமலே அவர் விசுவாசியாகிவிட்டார். தொட்டியைக் கழுவும்போது ஜெபம் செய்வார், சத்தம் வராமல்.

அம்மா சங்கராந்திக்கு மறுநாள் காலமானாள். அதன் பிறகு யாதகிரி காத்திருந்தார். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தார். தானாகப் போய் எனக்குக் கொடுங்கள் என்று நிற்க அவருக்குக் கூச்சம். சனிக்கிழமைதோறும் மாணவர்கள் டோலக்கும் ஒலிபெருக்கியுமாக வேனில் கிளம்பி, சுவிசேஷம் கேட்காதவர்களைத் தேடி ஊர் ஊராகப் போவார்கள். டோலக்கை வேனில் ஏற்றுவது யாதகிரி. சாயங்காலம் இறக்கி வைப்பதும் யாதகிரி. "இன்னிக்கு யாரும் கெடைக்கலண்ணே," என்று சலித்தபடி அவரைத் தாண்டிப் போவார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் ரசமும் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும். எலிசம்மா காய்ச்சிய திராட்சை ரசத்தை நூற்று இருபது சின்னக் கிண்ணங்களில் சிந்தாமல் ஊற்றி அடுக்குவது அவர்தான். எல்லாரும் முன்னே போய் முழங்கால் போடும்போது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எலிசம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பக்கத்தில் போய் முழங்கால் போட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அந்த ஆசையோடு மூன்று வருஷம் ஓடிவிட்டது.

"ஏன்யா, நீ என்ன கல்யாணப் பொண்ணா, வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருக்க?" என்றாள் எலிசம்மா. புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஆய்ந்த வேகத்தில் பாதி தண்டும் சேர்ந்து விழுந்தது. "போயி கேளு. வாயில கொழுக்கட்டையா?"

நவம்பரில் போய்க் கேட்டார். பூஷணம் நாற்காலியை விட்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. "எவ்வளவு சந்தோஷம் தெரியுமா யாதகிரி," என்றார். பிறகு பிடித்த கையை மெல்ல விட்டார். முகம் வேறு மாதிரி ஆனது.

"மார்ச் பரீட்சைக்கு என்ன பண்றது?"

"எந்தப் பரீட்சைங்கய்யா?"

"தொட்டிப் பரீட்சை. நீ எடுத்துட்டா, அப்புறம் உன்ன எறக்க முடியாதே."

பிரின்சிபால் ஜெயசீலராவிடம் கூட்டிப்போனார். பிரின்சிபால் நல்ல மனுஷர், யார் மனமும் நோகாமல் எதையும் தள்ளிப்போடத் தெரிந்தவர். "ஈஸ்டருக்கு வெச்சுக்கலாம்," என்றார். "பரீட்சையும் முடிஞ்சிரும். அஞ்சு சபையும் சேர்ந்து, பெருசா பண்ணிருவோம்." எந்தச் சபையின் முறையில் என்று அப்போதே பேச்சு வந்தது, அதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். நெற்றியில் விட்டால் பாப்டிஸ்ட் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். இவ்வளவு தடவை முழுகியவனை இன்னொரு தடவை முழுக்குவது கேலிக்கூத்து என்றார் இன்னொருவர். யாதகிரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டு உனக்கு எப்படி வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் காலையில் பிரின்சிபால் ஆள் அனுப்பினார். யாதகிரியின் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேல் இருந்த காகிதத்தைப் பார்த்துப் பேசினார்.

"கமிட்டி இன்னும் முடிவுக்கு வரல. ஜூலையில டிப்ளமோ கிளாஸ் வேற இருக்கு. இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோ யாதகிரி. அதுக்குள்ள வேற ஆள் பாத்துருவோம். இத்தன வருஷம் இருந்துட்ட, ஒரு வருஷம் பெருசா?"

"சரிங்கய்யா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

எலிசம்மா நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"ஊர் ஊரா வேன் போட்டு ஆள் தேடுறாங்க," என்றாள். "வீட்டுல இருக்கற உன்ன ஏன் ஒருத்தரும் கேக்கலன்னு இப்பத் தெரியுதா? நீ இப்பிடியே இருந்தாத்தான் அவங்களுக்கு வசதி. அவங்க போதகராகறதுக்கு நீ கடைசி வரைக்கும் வெளியிலயே நிக்கணும்."

யாதகிரிக்குப் பூஷணத்தின் மேல் கோபம், பிரின்சிபால் மேல் கோபம், அதைவிட, சரிங்கய்யா சரிங்கய்யா என்று தலையாட்டிய தன் மேல் கோபம். அவமானமாகவும் இருந்தது. காது போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒருத்தன், நானூறு பேரில் ஒருத்தன், துண்டை எடுத்துக் கொடுக்கும்போது, அண்ணே நீ ஏன் நெஜமாவே எடுத்துக்கல என்று கேட்டிருக்கலாம் இல்லையா.

மறுநாள் காலை தொட்டியை நிரப்பினார். வராமல் இருந்துவிடலாம் என்று யோசித்தார்தான். ஆனால் அன்றைக்கு முதல் ஆள் சுவார்த்தா. கனிகிரிப் பக்கத்துப் பாப்டிஸ்ட் பெண், ஒல்லி, இந்தப் பரீட்சைக்காக அரிசி மூட்டையைத் தண்ணீரில் போட்டுத் தூக்கித் தூக்கிப் பழகியவள். அவள் ஊர்ச் சபையில் பெண்களுக்கு அங்கி போட்டுப் போதகராக்க மாட்டார்கள். படித்து முடித்தால் ஞாயிறு பள்ளிக்கூடம் நடத்தலாம், அவ்வளவுதான். அவள் பரீட்சையைக் கெடுக்க யாதகிரிக்கு மனசு வரவில்லை.

தொட்டிக்கு எதிரே ஐந்து நாற்காலி, ஐந்து ஆசிரியர்கள். ஐதராபாத்திலிருந்து வந்த பரீட்சை அதிகாரி நோட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எலிசம்மா காலை உப்புமாவுக்குப் பிறகு மெஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். யாதகிரி ஒரு பக்கப் படியில் இறங்கினார், சுவார்த்தா மறுபக்கப் படியில் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு நின்றது.

"பாவத்தை விட்டுத் திரும்புகிறீர்களா?" என்று கேட்டாள். பாடமாக்கிய குரல்.

வழக்கமாக ஆஜர் சொல்வதுபோல ஆமாம் என்பார். அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தார். "திரும்புறேம்மா," என்றார்.

"இயேசு கிறிஸ்துவை உங்கள் ஆண்டவராக ஏற்றுக்கொள்கிறீர்களா?"

"ஏத்துக்கறேன். எங்கம்மா போயி மூணு வருஷமாச்சு. அதுக்கும் முன்னாடி இருந்தே ஏத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் நெஜமாக் கேக்கல."

பரீட்சை அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். இப்படி ஒரு பதில் புத்தகத்தில் இல்லை. சுவார்த்தா ஒரு கையை அவர் முதுகுக்குக் கொடுத்து, மறு கையால் அவர் கையைப் பிடித்தாள். "யாதகிரி, உங்கள் விசுவாசத்தின்படியே, இத்தியாதி நாமத்தினாலே..." என்று சாய்த்தாள். அவர் சாயவில்லை. காலை ஊன்றி நின்றார்.

"இத்தியாதின்னா யாரும்மா?" என்றார்.

"அண்ணே," என்றாள் அவள், கெஞ்சலாக.

"யாதகிரி, பரீட்சை நடக்குது," என்றார் பூஷணம்.

"எனக்கும்தாங்கய்யா நடக்குது. பேரச் சொல்லச் சொல்லுங்க. முழுகறேன்."

"அது இப்ப முடியாது. கமிட்டி இருக்கு. மேல வா, பேசிக்கலாம்."

"வரமாட்டேங்கய்யா. தொட்டி ஒழுகுது, உங்களுக்கே தெரியும். இன்னும் முக்கா மணி நேரத்துல முட்டிக்கு வந்துரும். பேசறதா இருந்தா சீக்கிரம் பேசுங்க."

பிரின்சிபால் போனை எடுத்துப் பார்த்தார், யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. பாப்டிஸ்ட் ஆசிரியரும் மென்னோனைட் ஆசிரியரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர் விரற்கடை விரற்கடையாக இறங்கியது. பரீட்சை அதிகாரி, இதற்கு எத்தனை மதிப்பெண் என்று பொதுவாகக் கேட்டார்.

சுவார்த்தா நாற்காலிகளைப் பார்த்தாள். பூஷணம் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் திரும்பிக்கொண்டாள்.

"ஐயா, எனக்கு எங்க ஊர்ல இதச் செய்ய விடமாட்டாங்க," என்றாள், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடியே. "எனக்குத் தெரிஞ்சு நான் செய்யப்போறது இது ஒண்ணுதான். ஃபெயில் போட்டாலும் பரவால்ல. அண்ணே, மூக்கப் பிடிச்சுக்குங்க."

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூன்று பேரையும் ஒவ்வொருவராக, நிறுத்தி, சாலை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். யாதகிரி சாய்ந்தார். மூட்டையைத் தூக்கிப் பழகிய கை அவரைத் தூக்கி நிறுத்தியது. இருமினார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எலிசம்மா மரத்தடியில் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. அன்று மத்தியானம் தொடங்கி இரண்டு நாள் கூட்டம். செய்தவள் பெண், அங்கி இல்லாதவள், இது செல்லுமா? பூஷணம்தான் கடைசியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார், தண்ணீரும் நாமமும் இருந்துவிட்டால் செல்லும், திரும்பச் செய்யக் கூடாது என்பதே எங்கள் போதனை, முப்பது வருஷமாக நான் நடத்துகிற பாடமே அதுதான் என்று. விசுவாசத்தை வாயால் சொல்லிவிட்டு முழுகினான், எங்களுக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார் பாப்டிஸ்ட் ஆசிரியர். மற்றவர்கள் முறைகேடுதான், ஆனாலும் செல்லும் என்றார்கள். அந்தச் செமினரி தொடங்கியதிலிருந்து தண்ணீர் விஷயத்தில் ஐந்து சபையும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். சுவார்த்தாவுக்குப் பாதிக்குச் சற்று மேலே மதிப்பெண் போட்டுத் தேற வைத்தார்கள். கட்டளையை மீறியதற்கு வெட்டு, தூக்கிய விதத்துக்கு முழு மதிப்பெண்.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை யாதகிரி நூற்று இருபத்தொரு கிண்ணம் நிரப்பினார். எலிசம்மாவின் பக்கத்தில் போய் முழங்கால் போட்டார். முட்டி வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பூஷணம் தட்டோடு வந்து அவர் முன்னால் ஒரு கணம் நின்றார், பிறகு அப்பத்தைக் கையில் வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எழுந்து வரும்போது, "தள்ளி வாய்யா, பின்னாடி ஆள் நிக்குது," என்று எலிசம்மா முழங்கையால் இடித்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பார்.

ஜூன் மாதம், டிப்ளமோ வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, பிரின்சிபாலும் பூஷணமும் வீடு தேடி வந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எலிசம்மா டீ போட்டுக் கொடுத்தாள். பிரின்சிபால் டீயைப் பாராட்டினார், வெயிலைப் பற்றிப் பேசினார், பேரப்பிள்ளைகளை விசாரித்தார்.

"உனக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா யாதகிரி," என்றார் பூஷணம் கடைசியில். "உன் சொந்தத்துல, ஊர்ப் பக்கத்துல. பொறுமையான ஆளா. இன்னும் எடுக்காதவனா."

எலிசம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யாதகிரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருக்கான். எங்க மாமன் பையன் லிங்கய்யா. நல்லவன், கூப்பிட்டா வருவான்," என்றார். இரண்டு பேர் முகமும் மலர்ந்தது. "ஆனா ஒண்ணுங்கய்யா. மொதல்ல அவன்கிட்ட நெஜத்துக்கு எடுத்துக்கறியான்னு கேளுங்க. வேணாம்னு அவன் வாயால சொன்னா, அப்புறம் ஒத்திகைக்குக் கூப்பிடுங்க."

இதைக் குறித்துக்கொள்கிறேன் என்று பூஷணம் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.